காப்ரித் தீவின் ஓய்வும் நொய்யல் கரையும்

ஐரோப்பாவில் வசதி படைத்த ஒருவர் மத்தியதரைக் கடல் தீவொன்றில் கோடை விடுமுறையைக் கழிக்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காப்ரி, மயோர்கா, கோர்சிகா, ஏதோ ஒன்று. சனவரிக் குளிரில் அமர்ந்து விடுதிகளைப் பார்ப்பார். அறையிலிருந்து கடல் தெரியுமா என்று விசாரிப்பார். விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுவார். அவர் இத்தனை முன்யோசனையோடு திட்டமிடும் அந்நாளில், அவ்விடுமுறையின் ஒரு பகுதி வேறோர் ஊரில் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருக்கும். கடற்கரையில் அவர் அணியப்போகும் மெல்லிய பின்னலாடையின் நிறத்தை வாங்குநர்கள் முந்தைய ஆண்டே தேர்ந்துவிட்டார்கள். சனவரியில் அது திருப்பூரின் சந்து ஒன்றில், பவர் டேபிளின் அருகே, கைவேறு உடல்வேறாக வெட்டிய துணிக்கட்டாகக் கிடக்கும்.

இத்தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் 1978-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நாமும் அங்கு வந்து சேர்வோம். அதற்கு முன் இன்னும் சற்றுப் பின்னால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள், போய்வர வேண்டியிருக்கிறது. தீவில் ஆடம்பர ஓய்வு என்ற எண்ணம் உருவான காலத்திலேயே நொய்யல் கரை அதற்குள் வந்துவிட்டது என்பது நம் எண்ணம்.

நேப்பிள்ஸ் வளைகுடாவின் வாயிலில் நிற்கும் சிறிய பாறைத்தீவு காப்ரி. அகஸ்டஸ் அதன்மீது மனம்வைத்து, கி.மு. 29-இல், அதைவிடப் பெரியதும் வளமானதுமான இஸ்கியா தீவை நேப்பிள்ஸ் நகரத்தாருக்குக் கொடுத்துவிட்டு இதைப் பெற்றுக்கொண்டார். விளைச்சல் நிலத்தைக் கொடுத்துக் காட்சியை வாங்கிய முதல் பேரம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. அவர் தம் கடைசி நாள்களில், கி.பி. 14-இல், அங்கே சென்று தங்கியதை சூட்டோனியஸ் விரிவாக எழுதியிருக்கிறார். புத்தியோலித் துறைமுகத்தை ஒட்டி அகஸ்டஸின் படகு சென்றபோது, அலெக்சாந்திரியாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கப்பலின் மாலுமிகளும் பயணிகளும் வெள்ளாடையும் மாலையும் அணிந்து அவரை வாழ்த்தினார்கள். அவரால்தான் கடலில் அச்சமின்றிச் செல்கிறோம் என்றார்கள். மகிழ்ந்துபோன அகஸ்டஸ் உடன்வந்தவர்களுக்கு ஆளுக்கு 40 பொற்காசுகள் கொடுத்தார். அலெக்சாந்திரியச் சரக்கைத் தவிர வேறெதிலும் அதைச் செலவிடுவதில்லை என்று ஆணையும் வாங்கிக்கொண்டார். விடுமுறைக்குச் சென்ற இடத்தில் கடைவீதிச் செலவுக்குக் கைக்காசு கொடுத்த பேரரசரை வேறெங்கும் நாம் படித்ததில்லை.

காப்ரிக்கு அருகிலிருந்த ஓர் இடத்துக்கு அவர் வைத்த வேடிக்கைப் பெயரையும் சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார். கிரேக்கச் சொல், 'சும்மா இருப்போர் ஊர்' என்று தமிழில் சொல்லலாம். தம் பரிவாரத்தார் அங்கே போய்ச் சோம்பிக் கிடந்ததைக் கேலி செய்து வைத்தாராம்.

இங்கே 'அலெக்சாந்திரியச் சரக்கு' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். எகிப்தின் தாள், கண்ணாடி, நார்த்துணி ஆகியவற்றோடு இந்தியப் பண்டங்கள் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்த வாயிலும் அதுதான். செங்கடல் துறையான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக அக்காலத்தவரான ஸ்ட்ராபோ எழுதினார். முசிறியிலிருந்து செங்கடல், அங்கிருந்து ஒட்டகத்தில் நைல் ஆறு, ஆற்றுவழியே அலெக்சாந்திரியா, பின் இத்தாலி. இதுவே வழி.

அகஸ்டஸுக்குப் பின் வந்த திபேரியஸ் இன்னும் சுவையானவர். கி.பி. 22-இல் ஆடம்பரச் செலவைச் சட்டம்போட்டு அடக்கலாமா என்று செனட் கேட்டது. பெண்களின் மணிக்கற்களுக்காக நம் செல்வம் அயல்நாட்டாருக்கும் பகைவருக்கும் போய்ச் சேருகிறதே என்று வருந்திய திபேரியஸ், ஆனாலும் சட்டத்தால் இதைத் திருத்த இயலாது என்ற பொருள்பட மடல் எழுதியதாக டாசிட்டஸ் பதிவுசெய்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து அவரே ரோமை விட்டுப் புறப்பட்டார், கி.பி. 27-இல் காப்ரியில் குடியேறினார். 37-இல் இறக்கும்வரை தலைநகருக்குள் திரும்ப அடியெடுத்து வைக்கவில்லை. பேரரசு பத்தாண்டுக் காலம் மடல்களின் மூலம் ஆளப்பட்டது. தீவில் பன்னிரண்டு மாளிகைகள் இருந்தனவாம். அவற்றில் பெரியதான வில்லா யோவிஸ் மலையுச்சியில் இன்றும் இடிபாடாக நிற்கிறது. ஊற்று வளம் இல்லாத பாறை என்பதால் மழைநீரைத் தேக்கப் பெரிய நிலவறைத் தொட்டிகளைக் கட்டி, அவற்றின்மேல் மாளிகையை எழுப்பியிருக்கிறார்கள். அங்கே அவர் நடத்திய களியாட்டங்கள் பற்றி சூட்டோனியஸ் சொல்லும் கதைகளை அப்படியே நம்பத் தேவையில்லை. எதிரிகளின் வாய்ச்சொல் அதில் பாதி இருக்கும். தொட்டிகள் மட்டும் கண்ணெதிரே இருக்கின்றன.

திபேரியஸ் வருந்திய அந்த மணிக்கற்கள் எவை? முத்தும் வைரமும் இருந்திருக்கும். ஆனால் பிளினி தம் நூலின் 37-ஆம் பகுதியில் பெரில் என்னும் கல்லைப் பற்றிச் சொல்வது நமக்கு முக்கியம். நம்மவர் பச்சைக்கல் என்பது அதையே. அது இந்தியாவிலிருந்து வருகிறது, பிற இடங்களில் கிடைப்பது அரிது என்கிறார். தெளிந்த கடலின் பசுமையை ஒத்ததே தலைசிறந்தது என்றும் தரம் பிரிக்கிறார். அந்தக் கடற்பச்சைக்குப் பெயர்பெற்ற சுரங்கம், இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்தை அடுத்த படியூரில் இருந்தது. 1819-20-இல்கூட ஆங்கிலேயர் ஒருவர் அதைத் தோண்டிக் கல் எடுத்திருக்கிறார். காங்கேயம் மாட்டையும் எண்ணெயையும் சொல்வோர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

படியூர்க் கல் பட்டை தீட்டப்பட்ட இடம் கொடுமணல். நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துக்குள் அமைந்த சிற்றூர்; பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லி, அதன் அணிகலச் சிறப்பைக் குறிக்கும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் மணி செய்யும் தொழிலின் எல்லாப் படிநிலைகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். உடைத்த கல், துளையிடாத மணி, துளையிடுகையில் உடைந்த மணி, முடிந்த மணி. இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களிகளும், பெயர் கீறிய பானையோடுகளும் கிடைத்தன. கரூரிலிருந்து கொடுமணல், வெள்ளலூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குச் சென்ற பெருவழியின் நடுவில் இருந்த தொழிலூர் அது. துளையிடும்போது உடைந்த மணியைக் கழித்துப் போட்ட குழியைப் பற்றிப் படிக்கையில், செக்கிங் மேசையில் கழிக்கப்படும் பனியன் நம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

படியூர்க் கல் ஒன்று காப்ரி மாளிகைக்குள் சென்றது என்று காட்டச் சான்று இல்லை. அப்படிச் சொன்னால் அது கதையாகிவிடும். எதிர்த்திசையில் வந்ததற்குத்தான் கைநிறையச் சான்று உண்டு. 1842-இல் வெள்ளலூரில் 522 உரோம வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. ஊத்துக்குளி வட்டத்துக் கத்தாங்கண்ணியிலும், கரூரிலும், பொள்ளாச்சியிலும் இவ்விருவரின் காசுகள் கிடைத்திருக்கின்றன. திபேரியஸ் காசின் ஒருபுறம் வாகைமாலை சூடிய அவர் தலை. மறுபுறம் அமர்ந்திருக்கும் ஒரு பெண், அவர் தாய் லிவியா என்பார்கள். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி பின்னால் கணக்குச் சொல்லிப் புலம்பினாரே, அந்தப் பணத்தில் கொஞ்சம் நொய்யல் கரை மண்ணுக்குள் கலயங்களில் கிடந்தது. கல் சென்றது, வெள்ளி வந்தது, வந்த வெள்ளி இங்கேயே தங்கியது.

இடையில் உள்ள பல நூற்றாண்டுகளை இங்கே தாண்டிச் செல்கிறோம். பருத்தியும் தறியும் கொங்கில் என்றும் இருந்தன. நம் கதைக்கு வேண்டியது பனியன்.

பனியன் என்ற சொல்லே ஒரு பயணி. வணிகரைக் குறித்த 'பனியா' என்ற சொல்லிலிருந்து, கீழைநாடுகளில் வெள்ளையர் வீட்டில் அணிந்த தளர்ந்த அங்கிக்குப் பெயராகி, கடைசியில் சட்டைக்குள் வியர்வை உறிஞ்சும் உள்ளாடைக்கு வந்து சேர்ந்தது. 1925 வாக்கில் குலாம் காதர் கல்கத்தாவிலிருந்து கையால் சுற்றும் பின்னல் எந்திரங்களைக் கொண்டுவந்து தொடங்கிய பேபி நிட்டிங் நிறுவனத்தைத் திருப்பூரின் முதல் பனியன் ஆலை என்பர். அடுத்த ஐம்பது ஆண்டுகள் இவ்வூர் இந்திய உழைப்பாளியின் வியர்வைக்காகவே வெள்ளைப் பனியன் நெய்தது. வெயிலில் உழைப்பவனின் உடை அது.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வெயில் வேறொரு பொருள் பெற்றது. நிழலில் வெளுத்திருப்பதே மேன்மக்கள் அடையாளம் என்றிருந்தது மாறி, வெயிலில் பழுப்பேறுவது நாகரிகமாயிற்று. மாலுமிகளின் கோடுபோட்ட பின்னற்சட்டையைச் செல்வர்கள் தென்பிரான்சுக் கடற்கரையில் அணியலானார்கள். பிரான்சின் மக்கள் முன்னணி அரசு 1936 சூனில் எல்லாத் தொழிலாளர்க்கும் இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. வேலைநிறுத்தங்களால் வென்றெடுத்த உரிமை. பின்னாளில் அது ஐந்து வாரமாக வளர்ந்தது. 1950-இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் லண்டனிலிருந்து கோர்சிகாத் தீவின் கால்விக்கு விமானம், கூடாரம், உணவு எல்லாம் சேர்த்து 32 பவுன் 10 சில்லிங்குக்கு அழைத்துச் சென்றார். அதே ஆண்டு மயோர்காவின் அல்குடியாவில் கிளப் மெடிட்டரானேயின் முதல் கூடார ஊர் எழுந்தது. திபேரியஸுக்கு மட்டும் வாய்த்த தீவு, ஆலைத் தொழிலாளிக்கும் இரண்டு வாரம் வாய்த்தது. தீவில் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டியதில்லை. உள்ளாடையாக இருந்த பனியன் வெளியே வந்து, நிறம் பூசிக்கொண்டு, டி-சர்ட் ஆயிற்று.

ஆகவே 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாக வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூர் வந்ததைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள முடியவில்லை. கோடை உடை அங்கே கோடிக்கணக்கில் தேவைப்பட்டது. மலிவாக, மெல்லிய பருத்தியில், வியர்வைக்கேற்ற பின்னல் போடத் தெரிந்த ஊர் இங்கே இருந்தது. 1981-இல் சி அண்ட் ஏ நிறுவனம் வந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

அதன்பின் ஊரின் நாட்காட்டியே மாறிப்போனது. ஐரோப்பியக் கோடைக்கான சரக்கு மார்கழி, தை, மாசியில் ஓடி முடிய வேண்டும். ஷிப்மென்ட் நாள் தவறினால் பையர் விலையைக் குறைப்பார், அல்லது செலவு பாராமல் விமானத்தில் அனுப்பச் சொல்வார். எனவே ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்தவர்கள் இரவு எட்டரைக்கும் அதற்குப் பின்னும் ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களின் முன்னால் இருப்பார்கள். ஓய்வுக்கான உடையைத் தைக்கும் பருவமே ஓய்வு குறைந்த பருவம். விடுப்பைப் பற்றிச் சட்டம் இங்கும் உண்டு. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர்க்கு, 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று வகுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அந்த வரம்பை 180 நாளாக்கியது. பீஸ் ரேட்டுக்குக் காண்டிராக்டரிடம் தைத்து, மூன்று மாதத்துக்கொரு கம்பெனி மாறும் ஒருவர் எந்த ஏட்டில் 180 நாளைக் காட்டுவார்? 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அந்தப் போராட்டத்தின் கோரிக்கை கூலியைப் பற்றியது. பிரெஞ்சுத் தொழிலாளர் 1936-இல் பெற்றதுபோன்ற நீண்ட சம்பள விடுப்புக்காக இவ்வூர் நிறுத்தம் செய்ததாக நாம் படித்ததில்லை. தீபாவளி போனசும் அதையொட்டிய சில நாளும், பொங்கலுமே இங்குள்ள கோடையும் தீவும்.

கடற்பச்சையும் பவழச்சிவப்பும் வேண்டுமென்றால் சாயமும் உப்பும் நீரும் வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளுக்குள் சாயநீர்த் தொட்டியாயிற்று. அணை திறக்கக் கேட்டுப் போராடிய உழவர்களைத் தமிழகம் கண்டிருக்கிறது. இங்கே தண்ணீர் வேண்டாம் என்று உழவர் போராடினார்கள். 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவே வெளியேறாத முறையைக் கைக்கொண்ட பின்னரே அவை படிப்படியாகத் திறந்தன. அந்தச் செலவைச் சேர்த்து டி-சர்ட்டின் விலையைக் கூட்ட எந்தப் பையரும் முந்திக்கொண்டு வரவில்லை என்பது தொழிலில் இருப்போர் அடிக்கடி சொல்லும் குறை. காப்ரிப் பாறையில் நீரைச் சேர்க்கத் தொட்டி கட்டினார்கள் என்று மேலே சொன்னோம். ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து கொடுமணல் அதிகத் தொலைவில் இல்லை; பெரில் மணி கிடைத்த அதே கரை.

சரக்கு போகும் வழியும் பழைய வழிதான். முசிறிக்குப் பதில் தூத்துக்குடி. ஒட்டகப் பாதைக்குப் பதில் சூயஸ் கால்வாய். 2023-இன் இறுதியில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பலாயின. பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. கட்டணம் பலமடங்கு ஏறியது. 2024-ஆம் ஆண்டுக் கோடைக்கான சரக்கு அப்போது திருப்பூரில் தையலில் இருந்தது. கடலில் கூடிய இரண்டு வாரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டுமல்லவா? ஐரோப்பியரின் விடுமுறைத் தேதியைத் தள்ளிவைக்க முடியாது. அந்த மார்கழியிலும் தையிலும் இரவு ஷிப்டுகள் கூடின.