தேவாலயம் கட்ட மறுத்த பிரதமர்

ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஹடோ ஹவுஸ் என்றொரு மாளிகை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் சொந்தக்காரர் ஜோர்ஜ் ஹமில்ட்டன் கோர்டன், 4ஆவது அபர்டீன் பிரபு. தன் நிலமெங்கும் இலட்சக்கணக்கில் மரம் நட்டவர். ஆனால் அங்கிருந்த தேவாலயம் பழுதாகிப் போனபோது, அதைத் திருப்பிக் கட்ட மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். மகன் காலத்தில் பார்த்துக்கொள்ளட்டுமாம். ஏன் அப்படி? காரணம் அவர் செத்த பிறகுதான் தெரிய வந்தது. அதற்கு முதல், இந்த மனிசன் யாரென்று பார்ப்போம்.

1784இல் எடின்பரோவில் பிறந்தார். 7 வயதில் தகப்பன் போய்விட்டார், 11 வயதில் தாய். பிரதமராக இருந்த இளைய வில்லியம் பிட்டும் அமைச்சர் ஹென்றி டன்டாசும்தான் பாதுகாவலர்கள். 17 வயதில் பேரனின் பட்டமும் நிலமும் கைக்கு வந்தன. அநாதைப் பிள்ளைதான், ஆனால் எங்கட ஊர் அநாதை மாதிரி இல்லை. நாட்டின் உச்ச அதிகாரமே அவரைக் கைபிடித்துக் கூட்டிப் போனது.

ஆனால் அந்த வீட்டை மரணம் விடவில்லை. 1805இல் கதரினை மணந்தார். 1812இல் அவர் காசநோயால் இறந்தார். அவர் பெற்ற மூன்று பெண் பிள்ளைகளும் அதே நோய்க்கு ஒவ்வொருவராகப் பலியானார்கள்: 1818, 1824, 1829. இரண்டாம் மனைவி ஹரியட் 1833இல் போனார். அவருடைய மகள் பிரான்சிஸ் அடுத்த வருசமே. முதல் மனைவிக்காக அணிந்த துக்க உடையை அபர்டீன் கடைசிவரை கழற்றவில்லை.

போரும் இவருக்குப் புதிதில்லை. 1813இல் தூதுவராகப் போனவர், லைப்சிக் சண்டை முடிந்த கையோடு அந்த வழியால் பயணித்தார். காயப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்து அதிர்ந்துபோய்க் கடிதங்கள் எழுதினார். 1815இல் தம்பி அலெக்சாண்டர் வாட்டர்லூவில் மாண்டார். அதற்கு இரண்டு வருசம் கழித்துப் பிறந்த மகனுக்கும் அலெக்சாண்டர் என்றே பெயர்.

இப்படிப்பட்டவர் வெளியுறவு அமைச்சரானபோது சமாதானத்தைத் தேடினதில் புதினமில்லை. அமெரிக்காவோடு இருந்த எல்லைத் தகராறுகளை 1842இலும் 1846இலும் ஒப்பந்தம் போட்டுத் தீர்த்தார். 1852 டிசம்பரில் பிரதமரானார். அதுவோ கூட்டணி அரசு. அமைச்சரவைக்குள் ஆளுக்கொரு திசை. ரஷ்யாவும் துருக்கியும் மோதின. பத்திரிகைகள் போர் கேட்டன. பாமர்ஸ்டன் போன்ற அமைச்சர்களும் கடும்போக்கு வேண்டுமென்று நின்றார்கள். அபர்டீனுக்குப் போர் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாமென்று சொல்லிப் பதவியை எறியவும் இல்லை. 1854 மார்ச்சில் பிரித்தானியா போருக்குள் இறங்கியது.

கிறிமியாவில் பிரித்தானியா 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது துப்பாக்கி இல்லை, நோய்தான். மகன் அலெக்சாண்டரும் அந்தப் படையில் இருந்தார். உயிரோடு திரும்பி வந்தார். 1855 ஜனவரியில், போர் நடத்தப்பட்ட விதத்தை விசாரிக்க வேண்டுமென்ற பிரேரணை 305க்கு 148 என்று நிறைவேறியது. அபர்டீன் பதவி விலகினார்.

1860இல் அவர் இறந்த பிறகு, காகிதங்களுக்குள் ஒரே வேதாகம வசனம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. தாவீது ஆண்டவருக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்டதும், அதிக இரத்தம் சிந்தியவன் என்பதால் அது மறுக்கப்பட்டு மகனுக்கு விடப்பட்டதும் வருகிற பகுதி. தேவாலயம் ஏன் கட்டப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

இவரைப் புனிதராக்க நாங்கள் இதை எழுதவில்லை. 1842இல் ஹொங்கொங்கைப் பறித்த நான்கிங் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது வெளியுறவு அமைச்சர் இதே அபர்டீன்தான். அபின் போரைத் தொடங்கியது அவரில்லை. அதன் பலனை வாங்கிக்கொண்டது அவருடைய அரசு. தாவீதின் வசனத்தை எழுதின கை, சீனர்களின் இரத்தத்துக்காகவும் அதை எழுதினதா? அவருடைய துக்கம் உண்மை. அது எதுவரை போனதென்பது வேறு கேள்வி.

இந்தக் குடும்பம் எங்களுக்கும் முற்றிலும் அந்நியமில்லை. தந்தை பிரதமராக இருந்தபோது அவருக்குச் செயலாளராக வேலை செய்த கடைசி மகன் ஆதர் கோர்டன்தான் 1883 முதல் 1890 வரை இலங்கையின் ஆளுநர். 1884இல் ஓரியன்டல் வங்கி விழுந்தபோது அதன் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்றவர் அவர். ஊவா, சப்பிரகமுவ மாகாணங்கள் உருவானதும், கொழும்புக் கோட்டையில் கோர்டன் பூங்கா வந்ததும் அவர் காலத்தில்தான். 1893இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதி வெளியிட்டார்.

பிரபுக்களின் பிள்ளைகளுக்கு அந்த வசதி இருக்கிறது: தகப்பனின் குற்ற உணர்வைக்கூடப் புத்தகமாக்கிப் பாதுகாக்கலாம். கிறிமியாவில் வாந்திபேதியில் செத்த சிப்பாயின் மகனுக்கு அது கிடைக்கவில்லை. என்றாலும், போருக்குப் பொறுப்பாயிருந்த ஒருவர் "நான் மனசார விரும்பவில்லை" என்பதைத் தனக்கே ஒரு சாட்டாக ஏற்றுக்கொள்ளாமல் போனதை நாங்கள் சின்ன விசயமென்று தள்ளிவிடவும் இல்லை. போர் முடிந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு, அப்படியொரு காகிதம் எத்தனை பேருடைய மேசையில் இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.