குடும்பமும் கூட வரட்டும்



நம் திருப்புலி நாட்டில் ஒருவருக்குக் கடும் காய்ச்சல் என்றால் அவரை நாம் தனியாக அனுப்புவதில்லை. செம்மேட்டு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல்லுக்குப் போனாலும் சரி, துணைக்கு இரண்டு பேர் கிளம்புவோம். தூக்குவாளியில் கஞ்சியும் சுருட்டிய பாயும் போர்வையும் கூடவே போகும். அதே மனிதர் தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து, வேலைக்குப் போகாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நம் கால் தயங்குகிறது. "வெளியே தெரிஞ்சா நாளைக்கு யாரு நம்ம வீட்டுல பொண்ணு எடுப்பாங்க?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

காய்ச்சலுக்குத் துணை போகும் பாய் மன நோய்க்கும் துணை போகலாம் என்று நம் நாடு கற்றுக்கொண்ட வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதன் ஒரு நுனி நம் மலையிலேயே இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற தம்பதியர் கொல்லிமலையில் குடியேறி மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர்; ஆனாலும் நம் மலையைச் சேர்ந்தவர்கள். ஜெஸ்ஸி 1929-இல் இங்கேயே காய்ச்சலில் இறந்தார். இந்த மலையில் ஓடியாடி வளர்ந்த அவர்களது மகன் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் பலருக்கு வாழ்வு நிமிரவில்லை. வீடு சேர்க்கவில்லை, வேலை கிடைக்கவில்லை. ஆகவே 1951-இல் மருத்துவமனையை ஒட்டியே சிறு கிராமம் போல ஓர் இடம் உருவானது. நோயாளிகள் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். தங்களை மறுபடியும் மனிதராக மதிக்கக் கற்றார்கள். உடலுக்குச் செய்யும் வைத்தியம் பாதி வழியில் நின்றுவிடும் என்பதை அந்த மருத்துவமனை கண்கூடாகப் பார்த்தது.

அந்தக் காலத்தில் மனநல மருத்துவமனை என்றாலே உயர்ந்த மதில்தான் நினைவுக்கு வரும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1871 முதல் அந்த இடத்தில் இருக்கிறது. அத்தகைய இடங்களில் நோயாளியை விட்டுவிட்டுக் குடும்பம் திரும்பிவிடும். பிறகு அவருக்கு வீடும் இல்லாமல் போகும். 1950-களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். மருத்துவமனைத் திடலில் கூடாரம் அடித்து, நோயாளியுடன் அவருடைய குடும்பத்தாரையும் தங்கவைத்தார். அவர்களை ஒன்றாக உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். பயந்தவரின் பயம் குறைந்தது. வீட்டார் நோயைப் புரிந்துகொண்டார்கள். குணமானவரைக் கூட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

1957-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மனநல மையம் தொடங்கப்பட்டது. கனடாவிலிருந்து வந்த மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அதை முன்னின்று நடத்தினார். அங்கே நோயாளியோடு உறவினர் ஒருவராவது தங்க வேண்டும் என்பது முறையாயிற்று. தாய் சமைப்பார், கணவர் மாத்திரை நேரத்தைக் கற்றுக்கொள்வார், அண்ணன் எந்தச் சொல் தம்பியைச் சுடுகிறது என்று அறிவார். மருத்துவரும் நோயாளியை மட்டும் பார்க்காமல், அந்தக் குடும்பம் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறது என்பதையும் பார்ப்பார். இன்று 'குடும்ப ஆற்றுப்படுத்துதல்' என்று நாம் சொல்வதற்கு நம் நாட்டில் போட்ட அடித்தளங்களுள் இது ஒன்று.

குடிநோயிலும் இதே பாடம்தான். சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே, 1980-இல், அவர் நினைவாகக் குடிநோயாளிகளுக்கான டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடிப்பவருக்குச் சிகிச்சை நடக்கும்போது மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக ஆலோசனை வகுப்பு நடத்தினார்கள். கணவர் குடியை விட்டாலும் மனைவியின் நெஞ்சில் இருக்கும் பயமும் கோபமும் தாமாகப் போய்விடாது என்பதைப் பட்டவர் அறிவார் அல்லவா!

துணையின்றி விட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்ததால் தப்ப முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் வெட்கம் என்ற சங்கிலியைச் சட்டத்தால் அவிழ்க்க முடியாது. அதை வீட்டார்தான் அவிழ்க்க வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், தன் மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பனை நினைத்துப் பாருங்கள். பையனுக்கு எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று ஆண்டவர் தகப்பனிடம்தான் கேட்கிறார். கேட்கக் கேட்க அந்தத் தகப்பனின் மனம் திறக்கிறது. தனக்கும் உதவி தேவை என்று கதறுகிறான். மகனுக்காக வந்தவன், தன் காயத்தையும் காட்டினான்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "சாமி, ஜெபம் பண்ணினா போதாதா?" ஜெபம் பண்ணுங்கள், மருத்துவரிடமும் போங்கள். மன நோய் பாவத்தின் தண்டனை அன்று. பாவத்திற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நோய்க்கு வைத்தியம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது.

உதவி பல வகையில் கிடைக்கிறது. தனி ஆளாகப் போய்ப் பேசலாம். பேசியது ஊருக்குள் வராது. கணவன் மனைவி சேர்ந்து போகலாம். ஆலோசகர் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லமாட்டார், இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்க உதவுவார். குடும்பமாகவும் போகலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே கட்டணம் இல்லை. மலை இறங்க முடியாதவர்கள், 2022 முதல் இயங்கிவரும் 'டெலி மானஸ்' என்ற அரசு உதவி எண் 14416-க்கு இரவானாலும் பகலானாலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

முடக்குவாதமுற்றவரைப் படுக்கையோடு சுமந்துவந்த நால்வர், கூட்டத்தைக் கண்டு திரும்பிவிடவில்லை. கூரையைப் பிரித்தே இறக்கினார்கள். உங்கள் வீட்டு மூலையில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரா? இந்த வாரம் அவருக்குத் துணையாக இரண்டு பேர் கிளம்புங்கள். பாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் உங்கள் வழித்துணையாக வருவாராக. ஆமென்.