விலை எங்கே ஒளிந்திருக்கிறது? மலிவு டூ-இன்-ஒன் லேப்டாப்பின் ஐம்பது வருஷக் கதை

இந்த எபிசோடுல ஒரு பொருளோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். அது லேப்டாப்பாவும் இருக்கணும், டேப்லெட்டாவும் இருக்கணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூணு ஆசையும் ஒரே கருவியில வந்து சேரும்னு உலகம் ஐம்பது வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு இருக்கு.

இதை ஏன் இப்போ பேசணும்? காலேஜ் அட்மிஷன் முடிஞ்ச கையோட நிறைய வீடுகள்ல நடக்கிற பேச்சு இது. கையில இருக்கறது இருபதாயிரம், மிஞ்சிப் போனா இருபத்தைந்தாயிரம். அசைன்மென்ட் டைப் பண்ண கீபோர்டு வேணும். பேனாவால நோட்ஸ் எழுத, பிடிஎஃப் படிக்க டேப்லெட் வேணும். தனித்தனியா ரெண்டு வாங்கக் காசு கிடையாது. அப்போ ரெண்டும் ஒண்ணா இருக்கறதையே வாங்கிடலாமேன்னு தோணும். நியாயமான யோசனைதான். ஆனா பல வீடுகள்ல அந்தப் பணம் ஒரு தடவைதான் வரும். வாங்கின சாமான் படிப்பு முடியற வரைக்கும் ஓடியாகணும்.

நான் இன்னைக்குச் சொல்ல வர்ற விஷயம் இதுதான். மலிவு டூ-இன்-ஒன்ல விலை காணாமப் போறது கிடையாது, வேற எங்கேயோ போய் ஒளிஞ்சுக்குது. அது வழக்கமா எங்கே ஒளியும்னு இந்த வரலாறு ரொம்பத் தெளிவா காட்டிக் கொடுக்குது.

விலைச்சீட்டோடு பிறந்த கனவு

1972. அமெரிக்காவில் ஸீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையம். அங்கே வேலை பார்த்த ஆலன் கே என்ற கணினி அறிஞர், எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான ஒரு சொந்தக் கணினியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தான் கற்பனை செய்த கருவிக்கு டைனாபுக் என்று பெயர் வைத்தார். நோட்டுப் புத்தகம் அளவு. தட்டையான ஸ்கிரீன், அதற்குக் கீழே கீபோர்டு. எடை 4 பவுண்டுக்குள், அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. கட்டுரையில் வரும் படத்தில் இரண்டு பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து அதில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கணினி என்றாலே பெரிய இரும்பு அலமாரிகள்தான் நினைவுக்கு வந்த காலம் அது. கே கையில் இருந்தது அட்டையால் செய்த ஒரு மாதிரி மட்டும்தான். ஆனால் விலையை அப்போதே யோசித்துவிட்டார்: 500 டாலருக்குள் இருக்க வேண்டும். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அடுத்த முப்பது வருஷம் கருவி வந்தது, விலை வரவில்லை. 1989-ல் கிரிட்பேட் என்ற டேப்லெட் வந்தது. பேனாவால் ஸ்கிரீனில் எழுதலாம். விலை 2,000 டாலருக்கு மேல். 1990-களின் தொடக்கத்தில் காம்பாக் நிறுவனம் கீபோர்டைக் கழற்றி மாட்டும் கான்செர்டோவைக் கொண்டுவந்தது. அதுவும் சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. 2001 நவம்பரில் பில் கேட்ஸ் மேடையேறி, ஐந்தே வருஷத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி டேப்லெட் பிசியாகத்தான் இருக்கும் என்றார். அடுத்த வருஷம் அந்தக் கருவிகள் கடைக்கு வந்தன. அதே நேரத்தில் சாதாரண லேப்டாப் அதைவிட மலிவாகக் கிடைத்தது. மடக்கித் திருப்பும் ஸ்கிரீனுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க ஜனங்கள் தயாராக இல்லை. கேட்ஸ் சொன்னது நடக்கவில்லை.

நூறு டாலர், பத்து டாலர், ஆகாஷ்

விலையை உடைக்க வந்த முதல் பெரிய முயற்சி 2005-ல் தொடங்கியது. நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தருவோம் என்று அறிவித்தார். 2007-ல் எக்ஸ்ஓ என்ற பச்சை, வெள்ளை நிறக் கருவி உற்பத்திக்கு வந்தது. அதன் ஸ்கிரீனைத் திருப்பி மடித்தால் புத்தகம் போலப் படிக்கலாம். தொடுதிரை இல்லையே தவிர, அதுவும் ஒரு வகையில் டூ-இன்-ஒன்தான். ஆனால் விலை 100 டாலரில் நிற்கவில்லை, 190-ஐ நெருங்கியது. லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும் அரசுகளை நம்பிப் போட்ட கணக்கு அது. எதிர்பார்த்த அளவுக்கு ஆர்டர் வரவில்லை.

இந்தியா 2006-லேயே அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாமே இன்னும் மலிவாகச் செய்வோம் என்று இறங்கினார்கள். 2009 பிப்ரவரியில், பத்து டாலர் லேப்டாப் என்று ஊரெல்லாம் பேசப்பட்ட கருவியைத் திருப்பதியில் காட்டினார்கள். பார்த்தால் அது லேப்டாப்பே இல்லை, பாடங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சின்னப் பெட்டி. உலகப் பத்திரிகைகள் சிரித்தன.

அதற்கு அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2011-ல் இருபதே நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள்.

செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. கீபோர்டோடு கூடிய முழு லேப்டாப். பல குடும்பங்களுக்கு அதுதான் வீட்டுக்குள் வந்த முதல் கணினி.

அக்டோபர் 5, டெல்லி. மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பெயர் வாங்கியது. அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். உள்ளே என்ன இருந்தது? 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், அழுத்தித் தொட்டால்தான் அசையும் ஏழு இன்ச் ஸ்கிரீன். பேட்டரி மூன்று மணி நேரம் தாண்டாது. மாணவர்கள் கையில் அது திணறியது. ஒரே வருஷத்தில் ஆகாஷ்-2 வந்தது. ரேம் இரண்டு மடங்கு, ஸ்கிரீனும் பிராசஸரும் மேல் ரகம். அதாவது முதல் கருவியில் எதையெல்லாம் அளவுக்கு மீறி வெட்டினார்கள் என்பதற்கு இரண்டாவது கருவியே சாட்சி.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தமிழ்நாடு முழு விலையையும் அரசு கஜானாவிலிருந்து கொடுத்தது. ஆகாஷ்ல அந்த விலை ரேமுக்குள்ள, பேட்டரிக்குள்ள, ஸ்கிரீனுக்குள்ள ஒளிஞ்சிருந்தது.

கீபோர்டு தனியாகப் போன கதை

இதற்கு இடையில் 2010-ல் ஐபேட் வந்துவிட்டது. 499 டாலர். கூடவே இன்னொரு பொருளும் விற்றார்கள்: ஐபேடை நிறுத்தி வைக்கும் கீபோர்டு டாக், 69 டாலர். விளம்பரத்தில் ஒரு விலை, கீபோர்டுக்கு இன்னொரு விலை. இந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. 2011-ல் ஆசுஸ் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது: டேப்லெட் 399, கீபோர்டு தனியாக 149. 2012-ல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி: 499, கீபோர்டு கவர் தனி.

சர்ஃபேஸ் ஆர்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் வழக்கமான விண்டோஸ் சாஃப்ட்வேரை அதில் போட முடியாது. உள்ளே இருந்த சிப் வேறு வகை. அடுத்த வருஷமே விற்காத சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது.

2013-ல் ஆசுஸ் டி100 வந்தபோது, ஆஹா வந்துருச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். 349 டாலர். கீபோர்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. முழு விண்டோஸ் ஓடியது. 2015-ல் இந்தியாவில் அந்த விலை இன்னும் இறங்கியது. மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் லேப்டேப் 14,999 ரூபாய், நோஷன் இங்க் கெய்ன் 9,990 ரூபாய். பத்தாயிரத்துக்குள் டூ-இன்-ஒன்!

இங்கே விலை எங்கே ஒளிந்தது? மூன்றிலும் 2 ஜிபி ரேம். அடிப்படை மாடல் எல்லாமே 32 ஜிபி ஸ்டோரேஜ். ரெண்டுமே மதர்போர்டோடு சால்டர் செய்தவை, பிறகு மாற்ற முடியாது. அந்த 32 ஜிபியில் பெரும் பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போது இடம் போதாது. பெரிய ஃபைல்களுக்கு மெமரி கார்டு போடலாம், ஆனால் விண்டோஸ் உட்காரும் இடம் அதே 32 ஜிபிதான். 2021-ல் விண்டோஸ் 11 வந்தது. அது கேட்ட குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. வாங்கிய அன்றைக்கு மலிவாகத் தெரிந்த கருவிக்கு, மேலே போக வழியே இல்லாமல் போய்விட்டது.

2020-ல் வேறொரு பாதை தெரிந்தது. லெனோவோ குரோம்புக் டூயட், 279 டாலர். கீபோர்டும் ஸ்டாண்டும் பெட்டிக்குள்ளேயே. குரோம்ஓஎஸ் லேசானது, அதனால் 4 ஜிபி ரேமிலும் ஓடியது. ஆனால் விண்டோஸ் சாஃப்ட்வேர் போட முடியாது. தவிர, ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று உண்டு. 2023-ல் கூகுள் அந்தக் காலத்தைப் பத்து வருஷமாக நீட்டியது. ஆனால் அந்தப் பத்து வருஷம் நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது.

கடைக்குப் போகும் முன்

இந்தக் குழப்பம் தனி மனிதர்களுக்கு மட்டும் இல்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தரும் திட்டத்தை அறிவித்தபோது, டேப்லெட்டோ லேப்டாப்போ விருப்பப்படி என்றுதான் சொன்னது. அரசே ரெண்டில் ஒன்று என்று கேட்கும்போது, நம்ம ரெண்டும் ஒண்ணா வேணும்னு நிக்கறோம். நிக்கலாம், ஆனா நாலு கேள்வியோட நிக்கணும்.

ஒண்ணு, கீபோர்டும் பேனாவும் விலைக்குள்ள இருக்கா, தனியா? தனின்னா அதையும் கூட்டிட்டு அப்புறம் மத்ததோட ஒப்பிடுங்க.

ரெண்டு, ரேம், ஸ்டோரேஜ் எவ்வளவு, பிறகு மாத்த முடியுமா? முடியாதுன்னா இன்னைக்குத் தேவைக்கு வாங்காம, கடைசி செமஸ்டர் தேவைக்கு வாங்குங்க. விண்டோஸுக்கு 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜுக்குக் கீழே போக வேண்டாம்னு நான் சொல்வேன்.

மூணு, உங்க டிபார்ட்மென்ட் கேக்கற சாஃப்ட்வேர் இதுல ஓடுமா? சீனியர் ஒருத்தரைக் கேளுங்க. கேட் டிராயிங், டேலி மாதிரி விஷயம்னா ஆண்ட்ராய்டோ குரோம்ஓஎஸ்ஸோ உதவாது. படிக்க, எழுத, டைப் பண்ண மட்டும்தான்னா தாராளமாப் போதும்.

நாலு, அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்? ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கறதா இருந்தாலும் இதே கேள்விதான். 360 டிகிரி மடங்கும் பழைய மாடல்கள் இந்த பட்ஜெட்டுக்கு நல்ல வழி, ரேமையும் எஸ்எஸ்டியையும் மாத்த முடியற மாடல்களும் அதுல உண்டு. ஆனா இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீங்க. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா அங்கிருந்துதான் தொடங்குது. பேட்டரி நிலவரத்தை நீங்களே ஓட்டிப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

இந்த நாலுல ஒண்ணுக்குக் கூட நல்ல பதில் இல்லைன்னா, டூ-இன்-ஒன் ஆசையை விட்டுட்டு அதே காசுக்கு ஒரு நல்ல சாதாரண லேப்டாப் வாங்குங்க. கையெழுத்து நோட்ஸ் எழுதப் பேப்பர் இருக்கு. கீபோர்டும் ரேமும் இல்லாத குறையை எந்த நோட்டும் தீர்க்காது.

இப்போ அந்த 500 டாலருக்கு வருவோம். 1972-ஓட 500 டாலர் இன்னைய மதிப்புல 3,500 டாலருக்கு மேல. நம்ம இருபத்தைந்தாயிரம் ரூபாய் அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை. அப்படிப் பார்த்தா ஆலன் கே கேட்ட விலையை உலகம் எப்பவோ தாண்டிடுச்சு. இன்னும் சரியா வராதது ஆயுள். அதனால விலையை வருஷத்தால வகுத்துப் பாருங்க. ரெண்டு வருஷத்துல படுத்துடற பத்தாயிரம் ரூபாய்க் கருவிக்கு வருஷம் ஐயாயிரம் ஆகுது. ஆறு வருஷம் ஓடற இருபத்தி நாலாயிரம் ரூபாய்க் கருவிக்கு வருஷம் நாலாயிரம்தான். கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார், நீங்கதான் போட்டுப் பார்க்கணும்.

வீட்டுல யாராவது இப்போ லேப்டாப் தேடிக்கிட்டு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் வேறொரு பொருளோட கதையோட வர்றேன்.