துடைப்பமும் சக்கரத் தூரிகையும்

ஆடி மாதத்தில் ஊவா மலைகளில் கச்சான் காற்று வீசுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றாகக் கடலிலிருந்து புறப்பட்டு, மேற்குச் சரிவுகளில் தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, மலைமுகடுகளைத் தாண்டி வரும்போது அது ஈரமற்ற வறண்ட காற்றாகிவிடுகின்றது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, பசறை ஆகிய பகுதிகளின் தேயிலைக்கு உலகம் அறிந்த மணத்தைத் தருவது அக்காற்றே. ஆனால், அதே காற்று பாதையோரத்துச் செம்மண்ணையும் உலர்ந்த புல்லையும் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகின்றது. காலையில் கூட்டிய வீட்டை மாலையில் மறுபடியும் கூட்ட வேண்டியதாகின்றது. மணத்தையும் தூசியையும் ஒரே காற்று கொணரும் அந்த நாட்டில் வீடு கூட்டும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஆராயுமிடத்து, கருவியைவிடக் கருவியைப் பிடித்த கையே பெரிதாகத் தோன்றும்.

தேயிலைத் தோட்டத்தில் இருவகை வீடுகள் இருந்தன. ஒன்று துரையின் பங்களா. மற்றது தொழிலாளரின் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் அமைந்த லயக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. அதன் தரை மண்தரை. சாணத்தால் மெழுகி, விளக்குமாற்றால் கூட்டி, வாசலில் நீர் தெளித்துத் துப்புரவு செய்தனர். பொழுது புலருமுன் எழுந்து இப்பணிகளை முடித்த பெண், பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். நாள் முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகே மாலையில் மீண்டும் குனிந்து வீட்டைக் கூட்டியது. லயங்களைச் சூழ்ந்த வாசல்களையும் கான்களையும் மலகூடங்களையும் துப்புரவு செய்வதற்கெனத் தனியே ஒரு தொழிலாளி இருந்தார். அவரை 'வாசல்கூட்டி' என்று அழைத்தனர். தோட்டம் முழுவதன் சுகாதாரமும் அவர் கையில் இருந்தது. எனினும், தோட்டத்து மதிப்பு வரிசையில் அவர் நின்ற இடம் கடைசி இடமே.

பங்களாவின் நிலை வேறு. அங்கே மெழுகு பூசிய செஞ்சீமெந்துத் தரையும் மரப்பலகைத் தரையும் இருந்தன. பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைப் பாதத்தின் கீழ் வைத்து முன்னும் பின்னும் தேய்த்து அத்தரைகளுக்கு மெருகேற்றினர். அத்தரைகளின்மேல் கம்பளங்கள் விரிக்கப்பட்டன. கம்பளம் வந்தவுடன் ஒரு சங்கடமும் உடன் வந்தது. வழுவழுப்பான தரையில் துடைப்பம் தூசியைத் தள்ளிக்கொண்டு செல்லும். கம்பளத்திலோ தூசியை மேலே கிளப்பிவிடும். எழும்பிய தூசி சிறிது நேரத்தில் மீண்டும் கம்பளத்திலேயே படியும்.

இச்சங்கடத்துக்கு இங்கிலாந்து மக்கள் கண்டிருந்த பழைய பரிகாரம் சுவையானது. தேநீர் வடித்தபின் எஞ்சிய ஈரத் தேயிலையைக் கம்பளத்தின்மேல் தூவிவிட்டுக் கூட்டுவர். ஈர இலை தூசியைப் பற்றிக்கொள்ளும். அது மேலே பறவாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு வேலைக்காரப் பெண்கள் நாள்தோறும் கையாண்ட முறை இது. இலங்கைத் தேயிலை லண்டன் சந்தையை எட்டிய பின்னர், மலைநாட்டுப் பெண்ணின் விரல் கிள்ளிய கொழுந்து அங்கே கோப்பையில் மணம் பரப்பிவிட்டு, இறுதியில் மற்றொரு பெண்ணின் துடைப்பத்தின் முன் தூசியைச் சுமந்தது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் அறியார்.

1876ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் மெல்வில் பிஸ்ஸெல் என்பவரும் அவர் மனைவி அன்னாவும் பீங்கான் பாத்திரக் கடை நடத்தினர். பாத்திரங்கள் உடையாதபடி பெட்டிகளில் இடப்பட்டிருந்த மரத்தூள் கடையின் கம்பளத்தில் சிந்தி ஒட்டிக்கொள்ளும். அதனைக் கூட்டிக் கூட்டிச் சலித்த பிஸ்ஸெல், கையால் தள்ளும் கம்பளக் கூட்டுபொறி ஒன்றை அமைத்து அவ்வாண்டில் காப்புரிமை பெற்றார். அத்தகைய பொறிகளை அவருக்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. வீடுகளில் நிலைபெறச் செய்தவர் அவரே. 1889இல் அவர் மறைந்தபின் அன்னா பிஸ்ஸெல் தாமே நிறுவனத்தின் தலைமையை ஏற்று, அதனைப் பெரிய தொழிலாக வளர்த்தார். பெண்ணொருவர் தொழில் நிறுவனம் ஒன்றைத் தலைமையேற்று நடத்துவது அக்காலத்தில் மிக அரிது.

அதே 1876இல் தமிழகத்தில் பெரும்பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உயிர் பிழைக்க வழி தேடியவர்கள் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, இலங்கையின் மலைத்தோட்டங்களை அடைந்தனர். அப்போது மலைகளில் கோப்பி விளைந்தது. நோய் கண்டு கோப்பி அழிந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகராயிற்று. ஒரு நாட்டில் கூட்டும் வேலையை இலகுவாக்க ஒரு பொறி பிறந்த ஆண்டிலேயே, மற்றொரு நாட்டில் கூட்டவும் சுமக்கவும் கொய்யவும் ஆயிரமாயிரம் கைகள் புறப்பட நேர்ந்தது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் கை மலிந்த இடத்தில் கருவியைப் பற்றிய கவலை எழுவதில்லை என்ற உண்மையை இவ்விரு நிகழ்ச்சிகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

அப்பொறியின் அமைப்பு மிக எளிது. தட்டையான பெட்டி ஒன்று. அதன் அடியில் சிறு சக்கரங்கள். நடுவே குறுக்காக உருளை வடிவான மயிர்த் தூரிகை. நீண்ட கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்போது சக்கரங்கள் உருளுகின்றன. அவற்றோடு உராயும் தூரிகை எதிர்த்திசையில் விரைந்து சுழன்று, குப்பையைத் தட்டி எழுப்பிப் பெட்டிக்குள் இருக்கும் தட்டுகளில் வீசுகின்றது. நெம்புகோலை அழுத்தினால் தட்டுகள் திறந்து குப்பை கீழே விழும். மின்சாரம் வேண்டுவதில்லை; ஓசையும் குறைவு. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் அக்ரிங்டன் நகரில் உருவான 'யூபேங்க்' என்ற பொறி, அந்நாட்டு வீடுகளில் இவ்வகைக் கருவிக்கே பொதுப்பெயராகும் அளவுக்குப் பரவியது.

சீமையில் பழகிய வீட்டு வாழ்க்கையைத் துரைமார் ஊவாவுக்கும் கொண்டுவந்தனர். தொடக்கத்தில் மாட்டுவண்டிகளே பொருள்களை மலைக்கு ஏற்றின. 1894இல் புகையிரதம் பண்டாரவளையை எட்டியது. 1924இல் பதுளையை அடைந்தது. பங்களாவின் தளபாடங்கள் கடலும் மலையும் கடந்து வருதல் அதன்பின் எளிதாயிற்று. அப்புத்தளைக்கு அருகே சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த 'அடிசம்' மாளிகை இதற்குத் தக்க சான்று. கருங்கற் சுவர்களும் பர்மாத் தேக்கும் கொண்ட அம்மாளிகைக்குக் கம்பளங்களும் பீங்கானும் கண்ணாடிப் பொருள்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. பின்னாளில் அது துறவியர் மடமாயிற்று. இத்தகைய வீடுகளில் கம்பளத்தைத் தெரிந்தவர் துரைசானி. அதனை நாள்தோறும் துப்புரவாக வைத்திருந்தவர் லயத்திலிருந்து வந்த பணியாள். எந்தக் கருவி கைக்கு இசையும், எது முதுகை வருத்தும் என்று கூறத்தக்கவர் அப்பணியாளே. கருவியை வாங்கும் உரிமை அவருக்கு இருந்ததில்லை.

மின்சாரப் பொறியின் கதையும் இதே பாடத்தைக் கூறும். 1901இல் ஹியூபேர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் காற்றை உறிஞ்சித் தூசியகற்றும் பொறியை அமைத்தார். அது குதிரை இழுக்கும் வண்டியில் வைத்து வீதியில் நிறுத்தப்படும் அளவுக்குப் பெரியது. அதன் குழாய்கள் சாளரங்களின் வழியே வீட்டுக்குள் நுழைந்தன. அதனைக் கையால் கொண்டுசெல்லும் அளவுக்குச் சுருக்கியவர் பொறியியல் கற்றவரல்லர். ஒஹையோ மாநிலத்துக் காண்டன் நகரில் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவரே அவர். தூசியால் ஆஸ்துமா நோய் மிகுந்து வருந்திய அவர், மின்விசிறியின் இயக்கியையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் கொண்டு ஒரு பொறி செய்து, 1908இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தாரின் பெயரே உலகெங்கும் பரவியது. பிஸ்ஸெல் தம் கடையைக் கூட்டிச் சலித்தவர். ஸ்பாங்லர் பிறர் கடையைக் கூட்டி மூச்சிரைத்தவர். இவ்விரு பொறிகளும் கூட்டிய கைகளிலிருந்தே பிறந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஊவாவில் மின்சாரப் பொறி எளிதில் இடம்பெறவில்லை. லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதே 1950இல் தான். அதன் பின்னும் லயங்களுக்கு விளக்கு வெளிச்சம் வர நெடுங்காலம் சென்றது. இதற்கிடையே தோட்டங்களின் நிலையும் மாறியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. வெள்ளைத் துரைமார் மறைந்தனர். சில தோட்டங்களில் தனிவீடுகள் எழுந்துள்ளன. பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. மண்தரை சீமெந்துத் தரையாகி, அதன்மேல் விரிப்பும் வந்துள்ளது. லயத்திலிருந்து கற்று முன்னேறியோர் பதுளையிலும் பண்டாரவளையிலும் தாமே வீடு கட்டி வாழ்கின்றனர். தம் வீட்டைக் கூட்டும் கருவியைத் தாமே தெரிந்துகொள்ளும் நிலை ஒரு தலைமுறைக்கு இவ்வாறு வாய்த்துள்ளது.

அத்தெரிவுக்கு வரலாறு தரும் அறிவுரை சிலவே. முதலாவது, தரையை நோக்க வேண்டும். வெறும் சீமெந்துத் தரைக்குத் தும்புத்தடியே போதும். சக்கரத் தூரிகைக்கு அங்கே வேலை குறைவு. குட்டையான இழை கொண்ட கம்பளம் விரித்த அறைக்கே அது ஏற்றது. உணவுத் துணுக்கு, நூல், சாம்பல், சிந்திய தேயிலை ஆகியவற்றை அது நொடியில் அள்ளிவிடும். விருந்தினர் வாசலில் நிற்கும்போதும் விரைந்து உதவும். கம்பளத்தின் அடியில் ஆழப் பதிந்த மணலை அதனால் எடுத்தல் இயலாது. அதற்குக் கம்பளத்தை வெளியே கொடியில் போட்டுத் தட்டும் பழைய வழி உண்டு. உறிஞ்சும் பொறியும் உண்டு.

இரண்டாவது, பொறியின் உறுப்புகளை நோக்க வேண்டும். சக்கரங்கள் வழுக்காமல் தரையைப் பற்ற வேண்டும்; அவை வழுக்கினால் தூரிகை சுழலாது. தூரிகையைக் கழற்ற முடியுமா என்பதையும் பார்த்தல் நன்று. தலைமயிரும் நூலும் அதில் சுற்றிக்கொண்டால் பொறி நின்றுவிடும். கிழமைக்கொரு முறையேனும் அவற்றை வெட்டியெடுக்க வேண்டும். குப்பைத் தட்டு சிந்தாமல் திறக்க வேண்டும். கட்டிலின் கீழும் அலுமாரியின் கீழும் நுழையும் அளவுக்குப் பெட்டி தாழ்ந்திருத்தல் வேண்டும். மற்றொரு நன்மை, மின்சாரம் தடைப்படும் நாளிலும் இப்பொறி தடைப்படாது.

மூன்றாவதே முதன்மையானது. கைப்பிடியின் உயரம் கூட்டுபவரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். பொறியின் பாரம் அவர் கைக்கு அடங்க வேண்டும். கடையில் அதனைத் தள்ளிப் பார்க்க வேண்டியவர் பணம் கொடுப்பவரல்லர்; வீட்டில் அதனை நாள்தோறும் தள்ளப் போகின்றவரே. அவர் தாயாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், கூலிக்கு வரும் பெண்ணாக இருக்கலாம். இருபது முப்பது ஆண்டுகள் கொழுந்து சுமந்து ஓய்ந்த முதுகாயின், அது குனியாமல் நிமிர்ந்து நின்று கூட்டுவதற்கு உதவும் கருவியே அவ்வீட்டுக்குரிய நல்ல கருவியாகும்.

கச்சான் காற்று ஆண்டுதோறும் வரும். கொழுந்துக்கு மணத்தையும் வீட்டுக்குத் தூசியையும் தவறாமல் தரும். தூசியை அகற்றும் வேலை முடிவற்றது. அவ்வேலையைச் செய்பவரின் சொல்லைக் கேட்டுக் கருவியைத் தெரிந்துகொள்ளும் வீட்டில், வாசல்கூட்டிக்கு முற்காலம் கொடுக்கத் தவறிய மதிப்பில் ஒரு சிறு பகுதியேனும் திருப்பிச் செலுத்தப்படுகின்றது.