கோர்ட்டு வாசலில் அம்பேத்கர்



பொம்பளை கோர்ட்டுப் படி ஏறினால் குடும்ப மானம் போயிடும் என்று நம்ம ஊர்களில் சொல்லுவாங்க. அந்தப் படி நமக்கும் உரியது என்பதற்கு ஒரு சிலை சாட்சி.

டெல்லியில் உச்ச நீதிமன்ற வளாகத்தில் டாக்டர் அம்பேத்கர் வக்கீல் அங்கியோடு, கையில் அரசியல் சாசனத்தை ஏந்தி நிற்கிறார். 2023 நவம்பர் 26 அன்று ஜனாதிபதி திரௌபதி முர்மு திறந்து வைத்த சிலை அது. 1949-ல் அதே தேதியில்தான் அரசியல் நிர்ணய சபை சாசனத்தை ஏற்றது. அந்தச் சபையில் 15 பெண்கள் இருந்தாங்க. நம்ம சென்னை மாகாணத்திலிருந்து போன அம்மு சுவாமிநாதனும் தாட்சாயணி வேலாயுதனும் அதில் உண்டு.

அடிப்படை உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது 32-வது பிரிவு. அதுதான் சாசனத்தின் உயிர் என்றார் அம்பேத்கர். பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்ட மசோதா நிறைவேறாததும் ஒரு காரணமாக, 1951-ல் மந்திரி பதவியையே விட்டார். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989-லேயே கொண்டு வந்தது தமிழ்நாடு.

ஆனாலும் உறவு கெட்டுடும் என்று பயந்து, விடுதலைப் பத்திரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். போடும் முன்னால் தாலுகா கோர்ட்டில் இருக்கிற சட்டப்பணிகள் குழுவில் கேளுங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரணும் என்பது 1987-ஆம் வருஷச் சட்டம். தனியாகப் போகத் தயக்கமா? குழுவில் இரண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.