இணைய வேகம்: அளவுகோல் யார் கையில்?

அரிசிக்குத் தராசு உண்டு. துணிக்கு முழக்கோல் உண்டு. வாங்குபவர் கண்முன்னே அளந்து கொடுப்பதே வணிக அறம். இணையச் சேவையிலோ, விற்பவர் சொன்ன எண்ணையே வாங்குபவர் நெடுங்காலம் நம்ப வேண்டியிருந்தது. அளவுகோல் பயனர் கைக்கு வந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்.

வல்லுநரிடமிருந்து வீட்டுக்கு

1983 டிசம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். வேறொரு கணினிக்குச் செய்தி அனுப்பி, மறுமொழி திரும்பிவர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என அது கணக்கிடும். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ஆயினும், அது பெரும்பாலும் வல்லுநர்களின் கருவியாகவே இருந்தது. 2006-இல் ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் தளம் வந்தபின், ஒரு பொத்தானை அழுத்தித் தம் வீட்டு வேகத்தைத் தாமே காணும் பழக்கம் மக்களிடையே பரவிற்று.

ஆனால், தனியொருவர் ஒருமுறை அளந்த எண்ணை, "உங்கள் கணினி பழையது" என்று சொல்லி எளிதில் தள்ளிவிடலாம். பல வீடுகளில், பல நாள், ஒரே முறையில் அளந்தால் அப்படித் தள்ள இயலாது. பிரிட்டனின் தொடர்புத்துறை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், சாம்நோஸ் நிறுவனத்துடன் இணைந்து 2008-இல் இதைத் தொடங்கியது. தன்னார்வலர்களின் வீட்டு இணைப்பிலேயே சிறு பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது. அது இரவும் பகலும் தானாகவே அளந்தது.

2009 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. விளம்பரங்கள் சொன்ன வேகம் சராசரியாக 7.2 மெகாபிட், வீடுகளுக்குக் கிடைத்ததோ 3.6 மெகாபிட். சரிபாதி!

'வரை' என்னும் சொல்

நிறுவனங்கள் பொய் சொன்னதாகவும் கூறமுடியாது. "8 மெகாபிட் வரை" என்றுதான் விளம்பரம் செய்தன. 'வரை' என்பது மேல் எல்லையை மட்டுமே காட்டும். கீழே எதற்கும் உறுதி தராது. மொழியாசிரியன் என்ற முறையில், ஒரு சிறு சொல்லின் இந்த ஆற்றல் என்னை வியக்கவைக்கிறது. அச்சொல்லுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2012 ஏப்ரல் முதல், குறைந்தது 10 விழுக்காட்டு வாடிக்கையாளர் பெறக்கூடிய வேகத்தையே விளம்பரப்படுத்தலாம் என்றனர். 2018 மே மாதம் அது 50 விழுக்காடாக உயர்ந்தது. அதுவும் இரவு 8 முதல் 10 வரையிலான நெரிசல் நேரத்தில்.

வேகம் மட்டுமே தரமா?

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு இயங்கலையில் பாடம் நடத்தியபோது, அதிவேக இணைப்புள்ள வீட்டு மாணவரின் குரலும் துண்டு துண்டாகவே என்னை வந்தடைந்தது. காரணம், உரையாடலுக்கு வேகத்தைவிடச் சீர்மை முதன்மையானது. தாமதம் கூடிக் குறைந்தாலும், தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலைந்தாலும், 100 மெகாபிட் இருந்தும் பயனில்லை.

ஆகவே, அன்பர்களே, உங்கள் இணைப்பைக் கம்பிவழி இணைத்து, காலையிலும் இரவிலும், சில நாள்களுக்கு அளந்து பாருங்கள். வேகத்தோடு தாமதத்தையும் நாள், நேரத்துடன் குறித்து வையுங்கள். முறையிடும்போது, "மெதுவாக இருக்கிறது" என்ற சொல்லைவிட அந்தக் குறிப்பேடு உரக்கப் பேசும்.