முட்டை நின்ற பிறகு

1986 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் ஒரு பெண் காண்டோரைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். வெளியில் பறந்துகொண்டிருந்த பெண் காண்டோர்களில் அதுதான் கடைசி. ஏ.சி.8 என்று பெயர். பெயர் என்று சொல்வதுகூடச் சரியில்லை. 'அடல்ட் காண்டோர்' என்பதன் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும், அவ்வளவுதான். இலக்கணப்படி பறவை அஃறிணை. இருந்தாலும் நான் அவளை அவள் என்றே எழுதப்போகிறேன். அழியும் உயிரினங்களைக் காப்பாற்றுவதில் உயிரியல் பூங்காக்களால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்ற இரண்டையும் அவள் வாழ்க்கையே சொல்லிவிடும்.

காண்டோர் நம்மூர்ப் பாறுக் கழுகைப் போலச் செத்த உடலைத் தின்று வாழ்வது. இறக்கை விரித்தால் ஒன்பது அடிக்கு மேல். சுட்டுக் கொன்றார்கள், நஞ்சு வைத்தார்கள். வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற உடல்களில் கிடந்த ஈயக் குண்டுத் துணுக்குகளைத் தின்றும் செத்தன. 1982இல் எஞ்சியவை 22. 1984-85 குளிர்காலத்தில் மட்டும் வெளியில் இருந்த பதினைந்தில் ஆறு காணாமல்போயின. எல்லாவற்றையும் பிடித்துவிடுவது என்று முடிவாயிற்று. கடும் எதிர்ப்பும் இருந்தது. டேவிட் பிரவர் போன்ற சூழலியலாளர்கள், வாழிடத்தைக் காப்பாற்றுங்கள், கூண்டில் வைத்துப் பறவையைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். 1987 ஏப்ரல் 19 அன்று கடைசிப் பறவையும் பிடிபட்டது. அது ஏ.சி.9, ஓர் ஆண். உலகில் இருந்த 27 கலிபோர்னியக் காண்டோர்களும் இப்போது லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ பூங்காக்களின் கூண்டுகளுக்குள். 'கடைசிக் காண்டோர்' என்ற புகழ் ஏ.சி.9க்குப் போயிற்று. அவனுக்குப் பத்து மாதம் முன்பே உள்ளே போனவளைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

அடுத்து நடந்தது முட்டைக் கணக்கு. காண்டோர் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு தேறித் தனித்து வாழ ஓராண்டுக்கு மேல் ஆவதால், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆனால் இட்ட முட்டையை எடுத்துவிட்டால் சில வாரங்களில் இன்னொன்று இடும். அதையும் எடுத்தால் சிலசமயம் மூன்றாவதும். ஆகவே முட்டையை எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்தார்கள். வெளிவந்த குஞ்சு மனிதரைப் பார்த்துப் பழகிவிடக் கூடாதென்று, காண்டோர் தலை போலச் செய்த கையுறைப் பொம்மையால் இரை ஊட்டினார்கள். கூண்டிலேயே கருவாகிப் பிறந்த முதல் குஞ்சு மொல்லோக்கோ, பெண், 1988இல் பொரிந்தது. அதே ஆண்டுகளில் இன்னொரு ஏற்பாடும் நடந்தது. விடுவிக்கும் முறையைச் சோதித்துப் பார்க்கத் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் காண்டோர்களைக் கலிபோர்னிய மலைகளில் பறக்கவிட்டார்கள். எல்லாமே பெண்கள். அந்நிய இனம் அங்கே பெருகிவிடக் கூடாதென்ற முன்னெச்சரிக்கை. இங்கே பெற்றுத்தள்ள ஒரு கூட்டம், அங்கே பெறாமலிருக்க ஒரு கூட்டம், இரண்டுமே பெண்கள்.

பறவையையும் மனுஷியையும் ஒன்றாக்கி வாதாடுவது எனக்குப் பிடிக்காது. அந்தக் கணக்கு இல்லையென்றால் இன்று காண்டோர் இல்லை என்பதும் உண்மை. 27 இன்று ஐந்நூறுக்கு மேல். ஆனாலும் ஒரு பதிவேட்டில் யார் எதற்காகக் குறிக்கப்படுகிறார்கள் என்று பார்ப்பது பெண்ணியம் கற்றுக்கொடுத்த பழக்கம். இனப்பெருக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு பறவைக்கும் எண், தாய், தகப்பன். 2021இல் அந்தப் பதிவேட்டுப் பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் திகைத்துப்போனார்கள். இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனே இல்லை. இரண்டு தாய்களும் ஆணின் உதவியின்றிப் பெற்றவை. ஆண் கிடைக்காத குறையுமில்லை. இருவருமே இணையோடு ஒரே கூண்டில்தான் இருந்தார்கள். பொரிந்த இரண்டும் ஆண் குஞ்சுகள், இரண்டுமே அதிக நாள் வாழவில்லை. அறிவியலுக்கு அது எவ்வளவோ பெரிய செய்தி. எனக்கோ, தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

கணக்கு தடுமாறியது கூண்டுக்கு வெளியில்தான். 1992இல் விடுவித்த இளம் பறவைகள் மின்கம்பிகளில் மோதிச் செத்தன. வண்டி எந்திரத்தில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தைக் குடித்து ஒன்று செத்தது. எஞ்சியவை ஆட்களையும் கட்டடங்களையும் தேடி வந்ததால் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு கூண்டுக்குள் போலி மின்கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாக அதிர்ச்சி தருமாறு வைத்துப் பழக்கினார்கள். அதோடு இன்னொன்றும் புரிந்தது. எங்கே இரை கிடக்கும், எந்த மலைமுகட்டில் காற்று தூக்கும், கூட்டத்தில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் முட்டைக்குள் இருந்து வருவதில்லை. பெரியவர்களோடு இருந்துதான் வரும். தாயிடமிருந்து என்று மட்டும் எழுதினால் தப்பு. காண்டோர் தகப்பனும் முறைவைத்து அடைகாக்கிறது, இரை ஊட்டுகிறது. பொம்மைக் கையால் ஊட்ட முடிந்தது இரையை மட்டும்தான். இளசுகளோடு வளர்ந்த பறவைகளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் அதன்பிறகே வந்தது.

இங்கேதான் ஏ.சி.8 மறுபடி வருகிறாள். கூண்டில் பல குஞ்சுகளுக்குத் தாயாகிவிட்டு, முட்டையிடுவது நின்றுபோனது. நம் வீடுகளில் 'இனி என்ன, ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதானே' என்று சொல்லும் கட்டம். 2000 ஏப்ரலில் அவளைத் திறந்துவிட்டார்கள். பிடிக்கப்பட்ட மூத்த பறவைகளில் மீண்டும் வெளியே போன முதல் பறவை அவள். பதினான்கு ஆண்டுக் கூண்டு வாழ்க்கைக்குப் பிறகு தன் பழைய மேய்ச்சல் நிலங்களைத் தானே தேடிப் போனாள். யாரும் வழிகாட்டவில்லை. வழி தெரிந்தவளே அவள்தான். முட்டைக் கணக்கில் ஏறாத அந்த நினைவுக்கு இப்போதுதான் ஒரு மதிப்பு வந்தது.

சில மாதங்களில் அவள் உடம்பில் ஈயம் ஏறிவிட்டது. பிடித்து, லாஸ் ஏஞ்சலஸ் பூங்காவில் சிகிச்சை கொடுத்து மறுபடி விட்டார்கள். 2003 பிப்ரவரியில் பன்றி வேட்டைக்கு வந்த ஒருவர் அவளைச் சுட்டுக் கொன்றார். அவருக்கு 20,000 டாலர் அபராதம். எத்தனை கோடி செலவில் எத்தனை குஞ்சு பொரித்தாலும், வெளியே அதே ஈயமும் அதே துப்பாக்கியும் இருந்தால் பூங்கா என்ன செய்துவிட முடியும்? எதிர்த்தவர்கள் கேட்டது இதைத்தான். அவர்கள் பாதி சரி.

நமக்கு இது தெரியாத கதை அல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுப் பாறு பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் இனப்பெருக்க மையம் வைத்து வளர்க்கிறார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மோயாற்றங்கரை நீர்மருத மரங்களில் இன்னும் சில கூடுகள் மிஞ்சியிருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து பிரசாதம் தின்றுபோன இரண்டு கழுகுகளோ இப்போது வருவதில்லை. அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்பது தலபுராணம். மஞ்சள் முகத்துப் பாறுகள் இணையாக வாழ்பவை. வந்த இரண்டில் ஒன்றாவது முனிவராக இல்லாமல் பெண்ணாக இருந்திருக்கும் என்று தலபுராணத்துக்குத் தோன்றவே இல்லை.

பூங்காவால் செய்ய முடியாததைக் கலிபோர்னியாவில் சட்டம்தான் தொடங்கிவைத்தது. காண்டோர் பறக்கும் பகுதிகளில் ஈயக் குண்டை 2008இல் தடுத்தார்கள். 2019 முதல் மாநிலம் முழுவதும் வேட்டைக்கு அது கூடாது. அண்டை மாநிலங்களில் இன்னும் அப்படியொரு தடை இல்லை. ஈயச் சாவுகளும் நிற்கவில்லை.

2022இல் வடக்குக் கலிபோர்னியாவின் யூரோக் பழங்குடியினர் தங்கள் நிலத்துக்குக் காண்டோரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். அந்த இனத்தில் பிறந்த உயிரியலாளர் டியானா வில்லியம்ஸ்-கிளாசன் பல ஆண்டுகளாக அதற்கு உழைத்தவர். கூண்டில் பிறந்து வளர்ந்த நான்கு இளம் பறவைகளை அந்த ஆண்டு பறக்கவிட்டார்கள். அவற்றில் ஒருத்தி மட்டும் பெண். 'எங்கள் வேண்டுதல்களைச் சுமப்பவள்' என்ற பொருளில் யூரோக் மொழியில் பெயர் வைத்தார்கள். திறந்துவிடும்வரை அந்த இளசுகளோடு கூண்டில் தங்கி முறைமை சொல்லிக்கொடுத்தது வளர்ந்த ஒரு காண்டோர். அது ஆண்.